தருமபுரியிலிருந்து துபாய்: போக இரண்டரை மணி, வர ஐந்தேகால் மணியா?

தருமபுரி வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய அம்மா முதல் தடவையாக, தனியாக, பெங்களூரிலிருந்து துபாய் போகிறார். தூரம் 2,700 கிலோமீட்டர் என்று நெட்டில் இருக்கிறது. டிக்கெட்டில் காலை 10.30-க்குக் கிளம்பி மதியம் 1 மணிக்கு இறங்குவதாகவும், திரும்பும்போது மாலை 3-க்குக் கிளம்பி இரவு 8.15-க்கு வருவதாகவும் போட்டிருக்கிறது. எது சரி, வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்று கேட்கிறார்.

இரண்டுமே சரிதான். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதனால் போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள்: போக 4 மணி நேரம், வர மூன்றேமுக்கால்.

அந்தக் கால் மணி நேர வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் விமானம் பறக்கும் உயரத்தில் வீசும் காற்று. குளிர்காலத்தில் அது மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசுவதால் ஊர் திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே அந்த உயரத்தில் காற்று எதிர்த்திசையில் வீசும் என்பதால் அப்போது வித்தியாசம் குறையும். அப்புறம் அந்த 2,700 கிலோமீட்டர் இருக்கிறதே, அது பூமியின் மேல் வரைந்த மிகக் குறுகிய கோடு. அதை மணிக்கு 850 என்று வகுத்தால் மூன்றேகால் மணிகூட வராது, ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் கணக்கில் சேரும். தூரத்தை வகுத்துக் கணக்குப் போடவே வேண்டாம், டிக்கெட்டில் இருக்கும் மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது சாலையைப் பற்றித்தான். விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து போகிறோம், அதாவது நகரம் முழுவதையும் தாண்ட வேண்டும். தருமபுரியிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 130. சர்வதேச விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னால் போய்விடுவது நல்லது, அதுவும் அம்மா தனியாகப் போகிறார் என்றால் இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 7.30-க்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் விடியற்காலை 3.30-க்கே கார் கிளம்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு எல்லாம் காலியாக இருக்கும், வழியில் ஒரு டீ குடிக்கவும் நேரம் கிடைக்கும். 6 மணிக்குக் கிளம்பினால் சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் ஆபீஸ் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். இதுவே மாலை விமானமாக இருந்தால் சாலைக்கு மட்டும் 5 மணி நேரம் ஒதுக்குவேன். டிரைவரிடம் டெர்மினல் 2 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்துதான் போகின்றன.

திரும்பி வரும் அன்று 8.15-க்கு இறங்கினாலும் இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து அம்மா வெளியே வர 9.15 ஆகிவிடும். காரை அந்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும், அதனால் இரவுச் சாப்பாட்டைக் காரிலேயே எடுத்துப் போங்கள்.