சிக்மாவுக்குள் சிக்மா: கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று. சிக்மா (Σ) என்பது கூட்டல் குறி, அதில் ஒவ்வொரு எண்ணாக ஓடும் எழுத்துதான் சுட்டு. கீழே எல்லா இடத்திலும் வெளிச் சிக்மாவின் சுட்டு க, உள்ளே இருப்பதன் சுட்டு ச, மேல் எல்லை ந. வேறு சொல்லாவிட்டால் சுட்டு 1-இல் தொடங்கும்.

கேள்வி: இரண்டு சிக்மா அடுத்தடுத்து நின்றால் எதை முதலில் செய்வது, சார்?

வலப்பக்கம் இருப்பதை. அதுதான் உள்ளே இருக்கிறது. அதைக் கூட்டி முடிக்கும்வரை க வெறும் எண் மாதிரி சும்மா நிற்கும். ச 1 முதல் க வரை ஓடுகிறது, கூட்டவேண்டியது ச, ந = 3 என்று வையுங்கள். க = 1 என்றால் உள்ளே 1. க = 2 என்றால் 1+2 = 3. க = 3 என்றால் 6. மொத்தம் 10. பொதுச் சூத்திரம் ந(ந+1)(ந+2)/6. உள் கூட்டல் முடிந்த பிறகும் விடையில் ச மிச்சம் இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

கேள்வி: க × ச என்பதை இரண்டு தனிக் கூட்டல்களின் பெருக்கலாகப் பிரிக்கலாமா?

ச-வின் எல்லையில் க இல்லை என்றால் தாராளமாக. இரண்டும் 1 முதல் 10 வரை என்றால் 55 × 55 = 3025. (1 முதல் 10 வரையான எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே 3025 வரும், போட்டுப் பாருங்கள்.) ச, க வரை மட்டும் ஓடினால் பிரிக்கவே முடியாது. எல்லையைப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

கேள்வி: உள்ளே 1/ச, ச-வின் எல்லை க முதல் ந வரை. உள் கூட்டலிலேயே மாட்டிக்கொண்டேன்.

மாட்டத்தான் செய்வீர்கள். 1/ச-க்களின் கூட்டுத்தொகைக்கு எளிய சூத்திரம் கிடையாது. ஆனால் மொத்த விடை அழகானது. ந = 4 எடுத்து, க-வுக்கு ஒரு வரி என எழுதுவோம்:

1, 1/2, 1/3, 1/4
1/2, 1/3, 1/4
1/3, 1/4
1/4

வரிவரியாகக் கூட்டாமல் ஒரே மாதிரிப் பின்னங்களைச் சேருங்கள். ஒரு 1, இரண்டு அரை, மூன்று மூன்றிலொன்று, நான்கு கால். ஒவ்வொன்றும் 1, ஆக மொத்தம் 4. பொதுவாக விடை ந.

இதற்குப் பெயர் வரிசை மாற்றம். நிபந்தனையை ஒரே சங்கிலியாக எழுதுங்கள்: 1 ≤ க ≤ ச ≤ ந. இப்போது ச வெளியே வந்து 1 முதல் ந வரை ஓடும், க உள்ளே போய் 1 முதல் ச வரை ஓடும். சிக்மாக்களை மட்டும் இடம் மாற்றிவிட்டு எல்லைகளை அப்படியே விட்டால், வெளிச் சிக்மாவின் எல்லையில் க அநாதையாக நிற்கும்.

கேள்வி: கணினி நிரலில் உள் சுழற்சி (loop) க+1 முதல் ந வரை. மொத்தம் எத்தனை தடவை ஓடும்?

ந(ந−1)/2. ந = 1000 என்றால் 4,99,500. க = ந ஆகும்போது உள்ளே ஒன்றுமே ஓடாது, அது 0.

கேள்வி: அது ஏன் 0? 1 முதல் ந வரை கூட்டும் ந(ந+1)/2 சூத்திரத்தில் ந = −3 போட்டால் 3 வருகிறதே!

நல்ல கேள்வி. இதற்குள் இன்னொருவர் "வெற்றுக் கூட்டல் என்றால் 0, அவ்வளவுதான், குழப்பாதீர்கள்" என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான் இல்லை. மைக்கேல் கார் 1981-இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு வழக்கம் இருக்கிறது: மேல் எல்லை, கீழ் எல்லைக்கும் கீழே இறங்கினால், இடையில் விடுபட்ட உறுப்புகளைக் கூட்டிக் குறி மாற்ற வேண்டும். −2, −1, 0 கூட்டினால் −3, குறி மாற்றினால் 3. சூத்திரமும் அதைத்தான் சொல்கிறது.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று அந்த இன்னொருவரே திரும்பவும் கேட்கிறார். லாபம் இருக்கிறதோ இல்லையோ, நஷ்டம் இருக்கிறது. உள் எல்லை க+2 முதல் ந வரை என்று வையுங்கள். எத்தனை என்பதற்கு ந−க−1 என்று எழுதி, க-வை ந வரை ஓட்டினால், ந = 5-க்கு விடை 5. கையால் எண்ணுங்கள்: (1,3), (1,4), (1,5), (2,4), (2,5), (3,5). ஆறு! க = 5-இல் சூத்திரம் −1 தந்துவிட்டது, சுழற்சியோ 0 தடவைதான் ஓடும். எண்ணும் கணக்குகளில் 0 வழக்கமே சரி. அதனால்தான் க எங்கே நிற்க வேண்டும் என்று எல்லையைப் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: வரிசையை எப்படி மாற்றுவது?

மேலே நான்கு வரிப் பட்டியல் இருக்கிறது.

கேள்வி: எப்போதும் வரிசையை மாற்றலாமா, அண்ணா?

முடிவுள்ள கூட்டல் என்றால் எப்போதும், எல்லைகளைச் சரியாக மாற்றினால். (இதுவும் மேலேயே இருக்கிறது.)

கேள்வி: முடிவிலி வரை போனால்?

இதுதான் புதுக் கேள்வி. மாற்றக் கூடாத இடங்கள் உண்டு. முடிவில்லாத அட்டவணையில் மூலைவிட்டம் முழுக்க 1, ஒவ்வொரு 1-க்கும் வலப்பக்கக் கட்டத்தில் −1, மற்றதெல்லாம் 0. ஒவ்வொரு வரியும் 0, மொத்தமும் 0. நெடுவரிசையாகக் கூட்டினால் முதலாவது 1, மீதி எல்லாம் 0, மொத்தம் 1. உறுப்புகள் எதுவும் 0-வுக்குக் கீழே இல்லை என்றாலோ, அவற்றின் மட்டு மதிப்புகளின் (கழித்தல் குறியை நீக்கிய மதிப்புகளின்) கூட்டுத்தொகை முடிவுள்ளது என்றாலோ பயமில்லை. கணித அறிஞர்கள் ஃபூபினி 1907-லும் டொனெல்லி 1909-லும் தொகையீடுகளுக்குத் (integral) தந்த தேற்றங்கள் கூட்டலுக்கும் பொருந்தும்.

கேள்வி: மூன்று சிக்மா, உள்ளே வெறும் 1, ஒவ்வொன்றும் முந்தையது வரை. விடை மட்டும் போதும்.

ந(ந+1)(ந+2)/6. ந = 10 என்றால் 220. முதல் பதிலிலும் இதே சூத்திரம்தான். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.