சார்ட்டில் எரர் பாராக, அதாவது சராசரிக்கு மேலும் கீழும் நீளும் கோடாக, எதைப் போடுவது, எஸ்.டி.யா (திட்டவிலக்கம்) எஸ்.இ.யா (திட்டப்பிழை)? எக்செல் தானாகப் போட்டுத் தருவதை நம்பலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: நம்பாதீர்கள். சராசரிகளை மட்டும் வைத்து சார்ட் வரைந்துவிட்டு எக்செல்லில் 'ஸ்டாண்டர்ட் எரர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சராசரிகளையே தரவாக எடுத்துக் கணக்குப் போட்டு, எல்லாத் தூணுக்கும் ஒரே நீளத்தில் கோடு போட்டுவிடும். நீங்கள் எடுத்த அளவுகள் அதன் கணக்கிலேயே வராது. மார்த்தாண்டம் பக்கம் மாணவர்களின் ப்ராஜெக்டுகளைப் பார்த்துக் கொடுப்பவன் நான். மட்டி, ஏத்தன், செந்துளுவன் என்ற மூன்று வாழை ரகங்களுக்கும் ஒரே நீளக் கோடு நின்றால், மூல அளவுகளைத்தான் முதலில் கேட்பேன். 'கஸ்டம்' போய், ஒவ்வொரு ரகத்துக்கும் நீங்களே கணக்கிட்ட மதிப்பைக் கொடுங்கள்.

எதைப் போடுவது என்பது நீங்கள் எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து ஏத்தங்குலைகளின் எடை 8, 9, 10, 11, 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10. திட்டவிலக்கம், அதாவது எஸ்.டி., 1.58. அதை 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை (எஸ்.இ.) 0.71. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை) வேண்டுமென்றால் 0.71-ஐ 2.78-ஆல் (ஐந்து அளவுகளுக்கு டி-அட்டவணை தரும் பெருக்கெண்) பெருக்க வேண்டும், இருபுறமும் ஏறத்தாழ 2 கிலோ வரும். எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் 1.96 என்ற பெருக்கெண் பெரிய மாதிரிகளுக்கு உரியது. ஐந்து குலைக்கு அது போதாது.

ஒரே தரவுக்கு மூன்று நீளங்கள்! குலைக்குக் குலை எடை எவ்வளவு மாறுகிறது என்று காட்ட எஸ்.டி. போடுங்கள். சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று காட்ட நம்பிக்கை இடைவெளியே நேர்மையானது. கோடு குட்டையாகத் தெரிகிறதே என்பதற்காக எஸ்.இ. போடுவதை நான் ஏற்பதில்லை. எதைப் போட்டாலும், அது என்ன, எத்தனை குலை என்று படத்தின் கீழே எழுதுங்கள். எழுதாத கோட்டை யாராலும் படிக்க முடியாது.

இன்னொன்று, ஒரே குலையை ஐந்து தடவை தராசில் வைத்தால் அது ஐந்து மாதிரி ஆகாது. தராசின் தடுமாற்றம் மட்டுமே அதில் தெரியும். ஒரே விளையில் (தோட்டத்தில்) வெட்டிய குலைகளை வைத்துக் குமரி மாவட்டம் முழுவதற்கும் பேசுவதும் அப்படித்தான். பேச்சிப்பாறைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலும் மலையோரத்து விளையும் ஒன்றல்ல.

இரண்டு 95 சதவீதக் கோடுகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலே 'வித்தியாசம் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். வித்தியாசம் உண்மையாகவே இருக்கலாம், அதற்குத் தனிச் சோதனை செய்ய வேண்டும். ஐந்தாறு அளவுகள்தான் கையில் என்றால், தூணை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புள்ளிகளாகவே வைத்துவிடுங்கள்.