மூலைவிட்டத்தில் பாதி 12.5, விடையோ 12: எங்கே தப்பு?

கேள்வி: என் பேரன் பத்தாம் வகுப்பு. பிதாகரஸ் தேற்றத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் 20 அடி நீளம், 15 அடி அகலமுள்ள செவ்வகத்தில் ஒரு மூலையிலிருந்து மூலைவிட்டத்துக்கு வரையும் செங்குத்தின் நீளம் கேட்டால் 12.5 என்கிறான். விடை 12 என்று போட்டிருக்கிறது. எப்படிப் புரியவைப்பது?
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, பேரனுக்குக் கணக்கு வராமல் இல்லை. 400-உம் 225-உம் கூட்டி 625, அதனால் மூலைவிட்டம் 25 அடி என்பது வரைக்கும் சரியாகத்தான் போயிருக்கிறான். அப்புறம் செங்குத்து மூலைவிட்டத்தின் நடுவில் போய் விழும் என்று நினைத்து அதைப் பாதியாக்கிவிட்டான், அவசரமாகப் படம் போட்டால் பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். சதுரத்தில் மட்டும்தான் அது நடுவில் விழும்.

இதற்குப் பரப்புதான் நல்ல வழி. மூலைவிட்டம் செவ்வகத்தை இரண்டு முக்கோணமாக்குகிறது, ஒன்றின் பரப்பு 20 × 15-இல் பாதி, 150 சதுர அடி. அதே முக்கோணத்தைத் திருப்பி 25 அடிப் பக்கத்தைத் தரையில் படுக்க வைத்தால் அதன் உயரம்தான் நாம் தேடும் செங்குத்து. எப்படித் திருப்பினாலும் பரப்பு அதே 150 தானே? 25 × உயரத்தில் பாதி 150, அதனால் 25 × உயரம் = 300. உயரம் 12.

நம்பவில்லை என்றால் வீட்டுத் தரையிலேயே காட்டிவிடலாம். ஆத்தங்குடி கல் பதித்த இடத்தில் 4 கல் நீளம், 3 கல் அகலத்துக்குச் சாக்பீஸால் செவ்வகம் போடச் சொல்லி, மூலைக்கு மூலை நூலை இழுத்துப் பிடியுங்கள். மீதியிருக்கும் ஒரு மூலையில் டேப்பின் முனையை வைத்து, நூலின் மேல் அவன் அதை இங்கும் அங்குமாக நகர்த்தட்டும். எங்கே அளவு மிகக் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் செங்குத்து. கல் 10 அங்குலம் என்றால் 24 அங்குலம் வரும், நூலின் நடுவுக்கு அளந்தால் 25. அந்த ஓர் அங்குலத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டால் பிறகு மறக்கமாட்டான், எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக 12-க்கு 5 செவ்வகம் கொடுங்கள். மூலைவிட்டம் 13, அதில் பாதி 6.5, ஆனால் செங்குத்து 60/13, ஏறத்தாழ 4.6. விடை முழு எண்ணாக வரவில்லையே என்று அடித்துவிடப் போகிறான், பக்கத்திலேயே இருங்கள்.