மெல்போர்ன் மாமாவின் கணக்கும் உங்கள் வீட்டுப் பத்திரமும்

நாமக்கல்லில் இருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. மனித மேம்பாடு முடித்துவிட்டாள். சின்னக் குழந்தைகளோடுதான் வேலை செய்வேன், அதுவும் வெளிநாட்டில் என்கிறாள். மெல்போர்னில் இருக்கும் உங்கள் அண்ணன், "இங்கே வந்து எர்லி சைல்ட்ஹுட் மாஸ்டர்ஸ் படிக்கட்டும், ரெண்டே வருஷம், பி.ஆர். (நிரந்தரமாத் தங்குற அனுமதி) வாங்கிடலாம்" என்கிறார். உங்கள் வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டார். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் தேர்ந்தெடுத்திருப்பது நல்ல துறை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆறுதல் இவ்வளவுதான். இனிமேல் கணக்கு.

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் மழலையர் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்கும் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். கட்டணம் போக, முதல் வருடம் அங்கே வாழும் செலவுக்கென்று 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2,000 டாலர், மறுத்தால் திரும்ப வராது. இரண்டு வருடத்துக்கு அரைக்கோடி ரூபாயைத் தாண்டிவிடும். "பார்ட் டைம் செய்து சமாளிப்பாள்" என்கிறார் மாமா. படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இந்தப் படிப்பில் பள்ளிக்குப் போய்ச் செய்யும் பயிற்சி வாரங்கள் வேறு உண்டு. அப்போது பார்ட் டைம் வேலையும் கையை விட்டுப் போகும். பி.ஆர். விதிகளோ ஆண்டுக்காண்டு மாறுகின்றன.

வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பார்கள். அதனால்தான் பத்திரம் வெளியே வந்திருக்கிறது. திரும்ப உள்ளே வையுங்கள். ஒரே வீட்டை அடமானம் வைத்து மழலையர் ஆசிரியர் ஆக வேண்டிய அவசியம் எந்த நாட்டிலும் இல்லை. தாய்மாமன் சொல்லைத் தட்டுவது கஷ்டம்தான், தெரியும். சீர் செய்ய அவருக்கு உரிமை உண்டு. தவணை கட்டப்போவது நீங்கள்.

கனடா, இங்கிலாந்து, நியூசிலாந்து பற்றியெல்லாம் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் கன்சல்டன்சியே சொல்லிவிடும். நான் சொல்ல வருவது ஜெர்மனி. எஞ்சினியரிங் பிள்ளைகளும் நர்ஸ்களும் போகும் நாடு என்றே நம் ஊரில் அதைப் பார்க்கிறோம். அங்கே ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்பு மையத்தில் இடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்த உரிமை. மையங்கள் பெருகின, ஆள் போதவில்லை. இந்த மையத்துக்குப் பெயர் 'கீட்டா'. அங்கே வேலை செய்யும் ஆசிரியை 'எர்ட்ஸீயரின்'.

அந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை, தொழிற்பயிற்சிதான். அதிலும் 'பீயா' என்று ஒரு வகை இருக்கிறது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2012-இல் தொடங்கியது, பிறகு மற்ற மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் எடுத்துக்கொண்டன. மூன்று வருடம். வாரத்தில் சில நாள் பள்ளி, சில நாள் கீட்டா. முதல் மாதத்திலிருந்தே சம்பளம். நகராட்சி நடத்தும் கீட்டாவில் முதல் வருடம் மாதம் 1,300 யூரோவுக்கு மேல், மூன்றாம் வருடம் 1,500-ஐத் தாண்டும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தமெல்லாம் போகக் கைக்கு ஆயிரத்துச் சொச்சம் வரும். பெரிய நகரத்தில் வாடகைக்கே பாதி போய்விடும். சின்ன ஊர் என்றால் சிக்கனமாக இருந்து சமாளிக்கலாம். அரசுப் பள்ளியில் படிப்புக்கட்டணம் கிடையாது. முடித்ததும் நகராட்சிச் சம்பள விகிதத்தில் பிடித்தத்துக்கு முன் மாதம் 3,000 யூரோவுக்கு மேல். அங்கேயே பயிற்சி முடித்தவர்கள் இரண்டு வருடம் வேலை செய்த பிறகு நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இதில் நம்மவர்கள் கவிழும் இடம் ஒன்று உண்டு. பள்ளியில் இடம் வாங்கிவிட்டுப் பிறகு வேலை தேடலாம் என்று நினைக்கிறார்கள். பீயாவில் கீட்டா நடத்தும் அமைப்போடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும், அதைக் காட்டினால்தான் பள்ளி இடம் தரும். நகராட்சி, தேவாலய அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம் என்று பலரும் கீட்டா நடத்துகிறார்கள். தேவாலய அமைப்புகளில் சில, கிறித்தவராக இருப்பதை எதிர்பார்க்கலாம். உங்கள் மகள் நகராட்சிகளுக்கு எழுதட்டும். அவளுடைய டிகிரியை எதற்கு இணையாக எடுத்துக்கொள்வார்கள், முன் அனுபவம் எவ்வளவு கேட்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே அந்தப் பள்ளிக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

நேரே ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் இன்னொரு வாசல்: 27 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் கீட்டாவில் சமூக சேவைத் தன்னார்வலராகப் போகலாம். பாக்கெட் மணிதான் தருவார்கள், தங்க இடம் தரும் அமைப்பாகப் பார்த்துத்தான் போக வேண்டும். ஆனால் அந்த ஒரு வருடத்தில் மொழி வாயில் ஏறும், முன் அனுபவமும் ஆகிவிடும், அதே கீட்டாவிலேயே ஒப்பந்தம் கிடைக்கவும் கூடும்.

மொழி. இங்கே நான் இரக்கமே காட்டமாட்டேன். விசாவுக்கு ஜெர்மன் மொழியில் பி1 என்ற நிலை போதும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பள்ளிகள் பெரும்பாலும் கேட்பது அதற்கு அடுத்த நிலையான பி2. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கவனித்ததை எழுதி வைக்க வேண்டும், பெற்றோரை உட்காரவைத்துப் பேச வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகள் உங்கள் மகளின் இலக்கணத்தைத் திருத்துவார்கள், கூச்சமே படாமல். சென்னை நுங்கம்பாக்கத்தில் கோத்தே நிலையம், கோயம்புத்தூரில் கோத்தே மையம் இருக்கின்றன. ஒழுங்காகப் படித்தால் ஒன்றேகால் வருடம். தேர்வுக் கட்டணமும் சேர்த்து இரண்டு லட்சத்தைச் சுற்றி வரும். உங்கள் குடும்பம் போட வேண்டிய பெரிய முதலீடு இதுதான்.

"ஆறு லட்சம் கட்டுங்கள், பயிற்சி இடம் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று ஈரோட்டில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவு பெற்ற முகவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. விசாக் கட்டணம் 75 யூரோ. இரண்டு தவணை தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்று வேண்டும், அதில்லாமல் கீட்டாவுக்குள் விடமாட்டார்கள். அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில், "டிகிரி முடித்தவள் போய் மூக்குச்சளி துடைப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். துடைக்கத்தான் வேண்டும். டயப்பரும் மாற்ற வேண்டும். 1840-இல் ஃப்ரோபெல் கிண்டர்கார்டனைத் தொடங்கிய நாடு அது. ஆனால் நம் ஊர் எல்.கே.ஜி.யை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எழுத்துப் பயிற்சி நோட்டு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. மழை பெய்தாலும் ரப்பர் பூட்ஸும் சேற்று நிஜாரும் மாட்டிக் குழந்தைகளை வெளியே விடுவார்கள். புதிதாக வரும் குழந்தை பழகும்வரை அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருப்பார். முதலில் பத்து நிமிடம், பிறகு அரைமணி என்று பிரிவை மெல்ல நீட்டுவார்கள். வாரக்கணக்கில் நடக்கும் இந்த வேலையை ஆசிரியை அவசரப்படுத்தக் கூடாது. குளிர்காலம் முழுக்க யாருக்காவது இருமல், ஆள் குறைந்த நாட்களில் முதுகு ஒடியும், தலைக்குள் இரைச்சல் ஓயாது. இது பிடித்தவர்களுக்கு மட்டும்தான் தாங்கும்.

உங்கள் மகளோடு போனில் பேசினேன். தெரு ப்ளே ஸ்கூலில் அழுத பையன் ஒருவன் எப்படிச் சமாதானமானான் என்று இருபது நிமிடம் சொன்னாள். ஜெர்மனி சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "தெருப் பிள்ளையெல்லாம் இவள் பின்னாடியே திரியுதுங்க" என்று நீங்கள் குறையாக எழுதியதைத்தான் நான் தகுதியாக எடுத்துக்கொள்கிறேன். பி.எட். சேர்த்துவிடலாமா என்று கேட்காதீர்கள். அது பெரிய வகுப்புகளுக்கான படிப்பு, அவள் போக நினைப்பது அங்கே இல்லை. தங்கை மகளை உங்கள் அண்ணன் விட்டுக்கொடுக்கமாட்டார் என்றால் முதல் ஆறு மாத ஜெர்மன் வகுப்புக்கு அவரே பணம் கட்டட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிழக்கு ஜெர்மனியில் பிறப்பு குறைந்து, சில கீட்டாக்கள் ஆட்களைக் குறைக்கின்றன. பாடன்-வுர்ட்டம்பெர்க், பவேரியா, வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா ஆகிய மூன்று மாநிலங்களையே பாருங்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் இடங்களுக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். பி1 முடிந்ததும் அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள். ஜெர்மனில் எழுதும் விண்ணப்பக் கடிதத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.