ஏஸ் வந்தால் ஒளிக்கலாமா?

கேள்வி: ஆன்லைன் போக்கர் டோர்னமெண்டில் ஆரம்பத்திலேயே ஏஸ் ஜோடி வந்தால், ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்களே என்று பிளைண்டை (சீட்டுக்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயத்தில் பெரியதை) மட்டும் கட்டி உள்ளே போகிறேன். ஐந்து பேர் கூட வந்துவிடுகிறார்கள், யாரோ ஒருவர் அடித்துக்கொண்டு போகிறார். எப்படித்தான் ஆடுவது?
- வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஓடட்டுமே! ஏஸ் ஜோடி ஒருவரோடு மட்டும் மோதி மேசையில் ஐந்து பொதுச் சீட்டும் விழும்வரை போனால், அவரிடம் எது இருந்தாலும் சராசரியாக 100-க்கு 85 முறை வெல்லும். ஐந்து பேரோடு மோதினால் அது 49-க்கு இறங்கிவிடும். நீங்கள் பிளைண்டோடு நிறுத்தியதால்தான் 7-6 வைத்திருப்பவர்கூட மலிவாக உள்ளே வருகிறார்.

கையில் 10,000 சிப், பிளைண்ட் 50-100 என்று வையுங்கள். 300-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். உங்களுக்கு முன்னால் சும்மா 100 கட்டியவர்கள் இருந்தால் தலைக்கு 100 கூட்டிக்கொள்ளுங்கள். யாராவது ஏற்கெனவே 300 போட்டிருந்தால் 900, இல்லை 1,000. குறைந்த கட்டண மேசைகளில் இதற்கும் ஆள் வரும். வேலை முடிந்து சோபாவில் சாய்ந்து ஆடுகிறவர் சீட்டைத் தூக்கிப்போடவா வந்திருக்கிறார்? எல்லாரும் ஓடினால் 150 சிப்தான் கிடைக்கும். கிடைக்கட்டும். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால், அந்த ஒரு கையிலேயே சொத்து சேர்க்கத் தோன்றும்.

அப்புறம்தான் பெரிய ஆபத்து. ஒருவர் உங்கள் 300-க்கு வந்துவிட்டார். ஃபிளாப் (மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) 9-8-5. நீங்கள் 500 போட, அவர் பேசாமல் கட்டுகிறார். நான்காவது சீட்டில் 1,000 போடுகிறீர்கள். மனிதர் திடீரென்று ஆல்-இன், கையில் உள்ள சிப் அத்தனையும் உள்ளே! சிறிய மேசைகளில் இதைப் பொய்யாகச் செய்பவர்கள் அபூர்வம். கையில் 5-5 ஜோடியோடு வந்தவருக்கு ஃபிளாப்பில் மூன்றாவது ஐந்து விழ சுமார் 12 சதவீதம் வாய்ப்பு உண்டு. உங்களிடம் 8,200 மிச்சம் இருக்கிறது, அதாவது பெரிய பிளைண்டைப்போல் 82 மடங்கு. நான் என்றால் சீட்டைத் தூக்கிப்போட்டுவிடுவேன். இரட்டிப்பு சிப் வந்தாலும் பரிசு இரட்டிப்பாகிவிடாது. தோற்றால் ஆட்டமே முடிந்தது.

ஏஸ்-கிங்குக்கும் ரெய்ஸ் செய்யுங்கள். ஆனால் ஃபிளாப்பில் மூன்றில் ஒரு முறைதான் அதற்கு ஜோடி சேரும். ஜாக் ஜோடி இன்னும் தலைவலி: பாதிக்கு மேற்பட்ட ஃபிளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

கேள்வி: நான் இந்தியாவில் இருந்தே ஆடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: காசுக்கு என்றால் கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பண ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. இலவச சிப்பில் பழகலாம். ஆனால் அங்கே யாரும் எதற்கும் ஓடமாட்டார்கள். மேலே சொன்ன 300 அங்கே 600 ஆனாலும் தப்பில்லை.