காவலர் பெயர் கேட்டால்: கேள்வி பதில்

குற்றவியல் வழக்கறிஞர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். 1.7.2024 முதல் குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், பிரிவு எண்களைப் புதிய சட்டத்தின்படியே தருகிறேன்.

திருச்சி கல்லூரி மாணவர்: இரவு பத்து மணிக்குத் தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தோம். ரோந்து வந்த காவலர் பெயர், ஊர், ஆதார் எல்லாம் கேட்டார். சொல்லியே ஆக வேண்டுமா, ஐயா?

இந்தியக் குடிமகன் எந்நேரமும் அடையாள அட்டையுடன் நடமாட வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பெயர் சொல்ல மறுத்ததற்காகக் கைது செய்யும் அதிகாரத்தை 39ஆம் பிரிவு (பழைய 42) குறுகலாகவே தருகிறது. பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாத ஒரு குற்றத்தை ஒருவர் காவல் அதிகாரியின் கண்முன்னே செய்திருக்க வேண்டும், அல்லது செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் அவர் பெயரையோ முகவரியையோ சொல்ல மறுத்தாலோ, பொய்யென்று கருதக் காரணமுள்ளவற்றைச் சொன்னாலோ, உண்மையை உறுதிசெய்வதற்காகக் கைது செய்யலாம். உறுதியானதும் பிணைமுறி (பிணைப் பத்திரம்) வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்தில் உறுதியாகாவிட்டால் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் அனுப்ப வேண்டும். தேநீர் குடிப்பது இதில் எதிலும் சேராது.

ஆனால், பூட்டிய கடைத்தெருவில் நள்ளிரவில் பதுங்கி நிற்பவரின் கதை வேறு. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மறைந்திருப்பதாகக் கருதக் காரணம் இருந்தால், நிர்வாகத்துறை நடுவர் ஓராண்டுவரை நன்னடத்தைப் பிணைமுறி கேட்க முடியும். காவல் நிலையங்களில் ‘109 கேஸ்’ என்று வழங்கிவந்த அது இன்று 128ஆம் பிரிவு. எனவே ஏட்டு கேட்டால் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேருவதே என் ஆலோசனை. எக்காரணம் கொண்டும் பொய்ப் பெயர் சொல்லாதீர்கள்.

மதுரை வாசகர்: பைக்கில் போகும்போது நிறுத்தினால்?

மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். வாட்ஸப்பில் சேமித்த படத்தைக் காட்டி வாதாட வேண்டாம். பின்னால் அமர்ந்திருப்பவரிடம் உரிமம் கேட்க இப்பிரிவில் இடமில்லை.

சேலம் வாசகர்: பேருந்து நிலையத்தில் ஆதார் கேட்டால் காட்ட வேண்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோவை வாசகர்: ஐயா பழைய கதை பேசுகிறார். புதிய சட்டத்தின் 172ஆம் பிரிவு வந்த பிறகு, காவலர் சொன்னதைச் செய்யாவிட்டால் பிடித்து வைக்கலாம். அட்டையைக் காட்டு என்றால் காட்டத்தான் வேண்டும்.

பிரிவைப் பாதியில் நிறுத்திப் படித்திருக்கிறீர்கள். காவலரின் ‘சட்டபூர்வமான’ உத்தரவுக்கு, அதுவும் ‘இந்த அத்தியாயத்தின் கீழான’ கடமையை நிறைவேற்றக் கொடுத்த உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றே அது சொல்கிறது. குற்றத்தை முன்கூட்டித் தடுப்பதும் பொதுச் சொத்தைக் காப்பதுமே 168 முதல் தொடங்கும் அந்த அத்தியாயத்தின் பொருள். கலவரம் மூளும் தெருவில் ‘கலைந்து போ’ என்பது அதற்குள் வரும். தேநீர்க் கடையில் ‘ஆதாரை எடு’ என்பது எந்தக் குற்றத்தைத் தடுக்கிறது?

கோவை வாசகர்: தெருவில் நிற்கும் காவலர் அத்தியாயம் பார்த்தா பேசுகிறார்?

பார்ப்பதில்லை, அதனால்தான் அப்பிரிவின் சொற்கள் அளவுக்கு மீறி அகலமானவை என்று நானும் கருதுகிறேன். ஆயினும் பிடித்தவரை நடுவர்முன் நிறுத்த வேண்டும், அற்ப விஷயமாயின் 24 மணி நேரத்துக்குள் கூடிய விரைவில் விட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. உத்தரவு சட்டபூர்வமானதா என்ற வாதத்தை நடுவரிடம் வையுங்கள். தெருவில் மல்லுக்கு நிற்பது உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.

வேலூர் வாசகி: சாதாரண உடையில் வந்தவர் காவலர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவருடைய அடையாள அட்டையைக் கேளுங்கள். கைது செய்யும் அதிகாரி தம் பெயரைத் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பது 36ஆம் பிரிவு, 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது. கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். மேலும், சாட்சியாக விசாரிக்கப் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்த 179ஆம் பிரிவு இடம் தரவில்லை.

நாகர்கோவில் வாசகர்: பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்.

அது நீங்களே விண்ணப்பித்துப் பெறும் சேவை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: நண்பன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டால்?

முதல் பதிலின் கடைசி வரி உங்களுக்காக எழுதியதுதான்.