தலையணை உறையில் எண்ணெய்க் கறை: தப்பு யாருடையது?

கேள்வி: அமெரிக்காவின் அட்லாண்டாவில் 60 அறைகள் கொண்ட ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் விருந்தினர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர்கள். சென்ற மாதம் தங்கிய ஒரு பெண்மணி, கண்டிஷனர் இல்லை, ஷவர் கேப் தன் பின்னல்களில் பாதியைக்கூட மூடவில்லை, போதாக்குறைக்குத் தலையணை உறையில் எண்ணெய் பட்டதற்கு 40 டாலர் பிடித்துக்கொண்டார்கள் என்று இணையத்தில் எழுதிவிட்டார். அதிகச் செலவில்லாமல் என்ன மாற்றலாம்?

பதில்: முதலில் அந்த 40 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்த தலைக்குக் கீழே பழைய துண்டை விரித்துப் படுக்கவைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். தலையணையில் எண்ணெய் படுவதைக் குற்றமாகப் பார்க்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அந்த எண்ணெய் ஆடம்பரமும் அல்ல. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கும். கறுப்பின மக்களில் பலருக்கு உள்ள நெருக்கமாகச் சுருண்ட முடியிலோ ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு தடை. வேரில் பிசுக்கு இருந்தாலும் நுனி காய்ந்தே கிடக்கும். இழையின் குறுக்குவெட்டும் தட்டையான நீள்வட்டம் என்பதால், வளையும் இடங்களில் சுலபமாக முறியும். வெளியிலிருந்து எண்ணெயும் கிரீமும் பூசிக்கொள்வது இதனால்தான். நம் விடுதி அறைகள் நேர்முடிக்காரர் ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. உங்கள் விருந்தினர் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

குளியலறையிலிருந்து தொடங்குங்கள். இத்தகைய முடியை உலர்ந்த நிலையில் சீவினால் அறுந்துவிடும். கண்டிஷனரைக் கை நிறைய எடுத்துப் பூசி, ஈரத்தலையிலேயே விரல்களாலும் அகலப்பல் சீப்பாலும் சிக்கெடுப்பார்கள். அதற்கு 30 மில்லி பாட்டில் கொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஷாம்பும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்த பாட்டில் அதைவிட மோசம். சுவரில் பொருத்தும் பெரிய பம்ப் பாட்டில்களுக்கு மாறுங்கள். கண்டிஷனர் தனியாக இருக்கட்டும், ஷாம்பு, எண்ணெய்ப்பசையை அடியோடு எடுத்துவிடும் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் இல்லாததாக இருக்கட்டும். கலிபோர்னியாவில் 50 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளுக்குச் சின்னப் பாட்டில்கள் 2023 முதலே தடை செய்யப்பட்டுவிட்டன. அது சுற்றுச்சூழலுக்காக வந்த சட்டம். ஆனால் உங்கள் சிக்கலையும் சேர்த்தே தீர்க்கிறது.

ஷவர் கேப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய பின்னல்களைத் தலை முழுக்கப் போட்டுக்கொள்ளப் பாதி நாள் நாற்காலியில் உட்கார வேண்டும், கூலியும் கணிசம். அதைத் தண்ணீரிலிருந்து காக்க நாம் நீட்டுவது உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக்! அடுத்த கொள்முதலில் மிகப் பெரிய அளவையே எல்லா அறைகளுக்கும் வாங்குங்கள்.

பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சும், முடியோடு உராயும். வழுவழுப்பான சாட்டின் துணி உறையிலோ முடி உராயாமல் வழுக்கிச் செல்லும். இருபது சாட்டின் உறைகள் வரவேற்பறையில் இருந்தால் உங்களுக்குப் போதும். பாலியஸ்டர் சாட்டினைத் தேர்ந்தெடுத்து, வலைப்பையில் போட்டு, மிதமான சூட்டில் துவைத்து உலர்த்துங்கள்; விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இஸ்திரி உருளைக்குள் தவறிக்கூட விடாதீர்கள். வெள்ளை உறைகளில் எண்ணெய் பட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி ஊறவைத்த பிறகு துவைக்கச் சொல்லுங்கள். கறை போகாமல் உலர்த்தியில் போட்டால்தான் அது நிலைத்துவிடும். இதைச் சரியாகச் செய்தால் யாரிடமும் கறைப்பணம் கேட்க நேராது.

இன்னொன்று, உங்கள் பணியாளர்களுக்கு மட்டும். பல பெண்கள் சொந்தமாகச் சாட்டின் தலைக்குல்லாயும் உறையும் கொண்டுவருவார்கள். படுக்கையை உருவும் வேகத்தில் அவையும் விரிப்போடு சுருண்டு சலவைக்குப் போய்விடும். உருவுவதற்கு முன் ஒருமுறை உதறிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

சுவரோடு ஒட்டிய ஹேர் டிரையர்கள் பெரும்பாலும் இம்முடிக்கு உதவாது. டிஃப்யூசரோ (காற்றைப் பரவலாக வீசவைக்கும் முனை) சீப்பு முனையோ அவற்றில் பொருந்துவது அரிது. இரண்டையும் மாட்டக்கூடிய கையடக்க டிரையர்கள் நான்கைந்து வாங்கி வைத்தால் சமாளிக்கலாம். அகலப்பல் சீப்பும் கொஞ்சம் இருக்கட்டும்.

நல்ல எண்ணத்தோடு பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். ஒரு பையில் இவற்றையெல்லாம் போட்டு, ஆளின் நிறத்தைப் பார்த்து வரவேற்பறையில் நீட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். முன்பதிவு உறுதிச் செய்தியிலும் அறையிலுள்ள தகவல் அட்டையிலும் என்னென்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் எழுதிவிடுங்கள். தேவைப்படுபவர் கேட்பார், சுருள்முடி உள்ள நம்மவர்களும் கேட்பார்கள். முடியைத் தொட்டுப் பார்ப்பது, ‘இது உங்கள் சொந்த முடியா?’ என்று விசாரிப்பது, இரண்டும் கூடாது என்று ஊழியர்களிடம் நேரடியாகவே சொல்லிவிடுங்கள்.

இது மிகையான எச்சரிக்கை என்று மேலாளர் சொன்னால், உங்கள் ஊரின் பழைய கதையை நினைவூட்டுங்கள். கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்த ஹார்ட் ஆஃப் அட்லாண்டா என்ற 216 அறை மோட்டல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது 1964இல்தான். அதற்கு முன் கறுப்பினப் பயணிகள் 1936இல் வெளிவரத் தொடங்கிய ‘கிரீன் புக்’ கையேட்டைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினார்கள். அதில் தங்குமிடங்களோடு அழகு நிலையங்களும் முடிதிருத்தகங்களும் பட்டியலிடப்பட்டிருந்தன. நீங்களும் அதைச் செய்யலாம்: இம்முடியில் கைதேர்ந்த நிலையங்கள், பொருள் விற்கும் கடைகள், அவை திறந்திருக்கும் நேரம் எல்லாம் ஒரே தாளில். காசு செலவே இல்லை. (அந்தக் கடைகளில் தொங்கும் இணைப்பு முடியில் நம் ஊர்க் கோயில்களில் காணிக்கையாகி ஏலம் போன கூந்தலும் இருக்கக்கூடும்.)

ஊழியர் தோற்ற விதிகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சடைத்திரி (டிரெட்லாக்ஸ்) முடியை வெட்ட மறுத்த ஒரு பெண்ணுக்குத் தருவதாகச் சொன்ன வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நிறுவனத்துக்குச் சாதகமாக, அட்லாண்டாவில் அமர்ந்திருக்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2019இல் கலிபோர்னியா முதல் மாநிலமாக முடியின் தன்மையையும் பின்னல், சடைத்திரி போன்ற அலங்காரங்களையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுத்தது; வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. சட்டம் எப்படியிருந்தாலும், பின்னல் போட்ட பணிப்பெண்ணை வரவேற்பறையிலிருந்து பின்கட்டுக்கு அனுப்பும் விடுதியில் சாட்டின் உறையை யார் நம்புவார்கள்?

அந்தப் பெண்மணிக்குப் பதில் எழுதும்போது ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்ற தேய்ந்த வரியை விட்டுவிடுங்கள். பணம் திரும்பியது, பம்ப் பாட்டில் எந்தத் தேதிக்குள் பொருத்தப்படும், ஷவர் கேப் மாறிவிட்டதா என்று மூன்றே வரிகளில் எழுதுங்கள். பொருள்கள் வந்து சேரும்வரை ‘மாற்றிவிட்டோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.